பச்சோந்திக்கு வெயில் காட்டுவோம். நிழலையும் சேர்த்துக் கொடுப்போம்



நாய், பூனை, கிளி, மீன் என்றிருந்த வீட்டு வளர்ப்புயிர்களின் வரிசையில் இப்பொழுது ஊர்வனவும் இடம்பிடித்துவிட்டன. "மகன் கேட்டான் என்று பச்சோந்தி வாங்கிக் கொடுத்தோம். அதை வெயிலில் வைக்கலாமா? எவ்வளவு நேரம் வைக்கலாம்?" என்று பெற்றோர் ஆசிரியரிடம் கேட்கும் காலம் இது. மாணவர்களும் இதே வினாவோடு வகுப்புக்கு வருகின்றனர். சிலர் வெயிலே படாமல் அறைக்குள் கண்ணாடிப் பெட்டியில் அதனை அடைத்து வைக்கின்றனர். வேறு சிலர், வெயில் நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டு, அந்தக் கண்ணாடிப் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் வைத்துவிடுகின்றனர். முன்னதில் அந்த உயிர் மாதக் கணக்கில் நலிந்து மடியும். பின்னதில் அதற்கு அரைமணி நேரம்கூட ஆகாது.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பச்சோந்திக்கு இயற்கையான கதிரொளி பெருநன்மை செய்யும். ஆனால், வெயில் கொடுக்கும்பொழுது நிழலையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். வெயிலா, நிழலா என்று தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு அந்த உயிருக்கு இருக்க வேண்டும். அருகிலிருந்து பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பெரியவர் ஒருவர் ஏற்க வேண்டும். இவ்விரண்டையும் தர இயலாத வீட்டில் பச்சோந்தி வளர்ப்பது முறையன்று.

எது பச்சோந்தி?

நம் பள்ளித் தோட்டத்து வேலியில் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பச்சை ஓணானைப் பல மாணவர்கள் பச்சோந்தி என்றே எண்ணியிருக்கின்றனர். அதில் வியப்பில்லை. நிறம் மாறும் அந்த ஓணானை மலாய் மொழியில் 'சும்பா-சும்பா' என்கின்றனர். அசல் பச்சோந்திக்கும் ஏறக்குறைய இதே பெயர்தான் வழங்குகிறது. ஆயினும் இவை வெவ்வேறு உயிர்கள். மலேசியக் காடுகளில் இயற்கையாக வாழும் பச்சோந்தி இனம் எதுவும் இல்லை. தமிழகத்திலும் இலங்கையிலும் வாழும் ஓர் இனம் உண்டு. உலகிலுள்ள பச்சோந்தி இனங்களில் ஏறத்தாழப் பாதி மடகாசுகர்த் தீவில் வாழ்கின்றன. நம் நாட்டில் வளர்ப்புக்கென்று விற்கப்படுபவற்றுள் ஏமன், சவூதி அரேபியா நாடுகளைத் தாயகமாகக் கொண்ட ஏமன் பச்சோந்தியும், மடகாசுகரைத் தாயகமாகக் கொண்ட பேந்தர் பச்சோந்தியும் பலர் அறிந்தவை.

அடையாளம் காண்பது எளிது. பச்சோந்தியின் கண்கள் இரண்டும் கூம்புபோல் புடைத்து, ஒன்று முன்னும் மற்றொன்று பின்னுமாகத் தனித்தனியே சுழலும். கால்விரல்கள் இரு கூறாக இணைந்து இடுக்கிபோல் கிளையைப் பற்றும். பெரும்பாலான இனங்களில் வாலும் ஐந்தாவது கைபோல் சுருண்டு பிடித்துக்கொள்ளும். இவை எதுவும் ஓணானுக்கு இல்லை.

வளர்க்க எண்ணுவோர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் பச்சோந்தியை வீட்டில் வளர்க்க அனுமதி இல்லை. மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய 2008ஆம் ஆண்டுச் சட்டமும் நடைமுறையில் உள்ளன. ஆகவே, வாங்குவதற்கு முன்பே பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையிடம் உரிமம் பற்றிக் கேட்டுத் தெளிவதே முறை. ஆவணம் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்கவே கூடாது.

கதிரொளி உடலுக்குள் என்ன செய்கிறது?

பச்சோந்தி தன் உடல்வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாத உயிர். விடிந்ததும் வெயில் படும் கிளைக்கு வந்து, உடலைத் தட்டையாக்கி, வெயில் படும் பக்கத்தைக் கருமையாக்கிக்கொள்ளும். கருநிறம் வெப்பத்தை மிகுதியாக ஈர்க்கும் என்பது நாம் அறிவியல் வகுப்பில் நடத்தும் பாடம்தானே! உடல் போதுமான அளவு சூடேறியதும் நிறம் வெளிறும். பின்னர் இலைகளுக்குள் புகுந்துகொள்ளும்.

வெப்பத்திற்கு அப்பால் வேறொரு தேவையும் உண்டு. கதிரொளியில் உள்ள புறவூதாக் கதிர்களுள் 'பி' வகைக் கதிர் தோலில் படும்பொழுது அங்கு வைட்டமின் 'டி3' உருவாகத் தொடங்குகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் அதனை உடல் பயன்படுத்தக்கூடிய வடிவத்திற்கு மாற்றுகின்றன. உணவிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தை உடல் ஈர்த்துக்கொள்வதற்கு அது தேவை. அது குறைந்தால் உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துச் செலவழிக்கும். முதலில் கால்கள் வளையும். தாடை மெத்தென்று ஆகும். கிளையைப் பிடிக்கும் வலிமை குறையும். பூச்சியை நோக்கி நாக்கை வீசினாலும் அது எட்டாமல் போகும். பசியிருந்தும் உண்ண முடியாமல் அந்த உயிர் வாடும். பெற்றோர் பலர் இந்த நிலையில்தான் மருத்துவரைத் தேடுகின்றனர். வளைந்த எலும்பு முற்றிலும் நேராவது அரிது.

"சன்னலோரம் நன்றாக வெயில் படுகிறதே!" என்று சிலர் சொல்வதுண்டு. சன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் வெப்பத்தையும் உள்ளே விடும். ஆனால் 'பி' வகைக் கதிரின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

இதற்கென்றே விற்கப்படும் புறவூதா விளக்கு தேவைதான். மழைநாளிலும் புகைமூட்ட நாளிலும் அதுவே துணை. எனினும் விளக்கு எரிவதை வைத்துக் கதிர் வருகிறது என்று முடிவுசெய்ய முடியாது. கண்ணுக்கு வெளிச்சம் தெரிந்துகொண்டேயிருக்க, புறவூதாக் கதிர் மட்டும் மாதந்தோறும் குறைந்துகொண்டே போகும். ஆகையால் விளக்கின் வகைக்கேற்ப ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் அதனை மாற்ற வேண்டும்.

அளவை அதுவே அறியும்

வெயில் எவ்வளவு நேரம் என்று நிமிடக் கணக்குக் கேட்போருக்கு ஓர் ஆய்வை நினைவூட்ட விரும்புகிறேன். அமெரிக்க ஆய்வாளர்கள் பேந்தர் பச்சோந்திகளை வைத்து நடத்திய ஆய்வொன்று 2009ஆம் ஆண்டு வெளிவந்தது. உணவில் வைட்டமின் 'டி3' குறைவாகப் பெற்ற பச்சோந்திகள் புறவூதாக் கதிரை மிகுதியாக நாடின. உணவிலேயே போதுமான அளவு பெற்றவை அக்கதிரிலிருந்து விலகிக்கொண்டன. தன் உடலின் தேவைக்கேற்பக் கதிரை நாடவும் விலகவும் அந்த உயிர் அறிந்திருக்கிறது.

இங்குதான் நாம் சிந்திக்க வேண்டும். இந்த அறிவு பயன்பட வேண்டுமானால், விலகிப் போவதற்கு அதற்கு ஓர் இடம் வேண்டும். முழு வெயிலில் சிறு கூண்டை வைத்துவிட்டு, "இருபது நிமிடம் இரு" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது, அந்த அறிவைப் பிடுங்கிக்கொள்வதாகும். காட்டில் அதற்கு அடுத்த கிளையிலேயே நிழல் இருக்கும். கூண்டில் அந்த நிழலை நாம்தான் அமைத்துக் கொடுக்க வேண்டும்.

நம் நாட்டு நண்பகல் எப்போது?

நண்பகல் என்றால் பன்னிரண்டு மணி என்பது நம் பொது எண்ணம். தீபகற்ப மலேசியாவில் அவ்வாறில்லை. 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நம் கடிகாரம் அரைமணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. அதற்கு முன்னரும் அது கதிரவனைவிட முந்தியே ஓடிக்கொண்டிருந்தது. இன்று கோலாலம்பூரில் கதிரவன் உச்சிக்கு வருவது பிற்பகல் ஒன்றே கால் மணியளவில்தான். சிங்கப்பூரிலும் ஏறத்தாழ ஒரு மணி ஆகிவிடும்.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. காலைப் பள்ளி பகல் ஒரு மணியை ஒட்டி முடிகிறது. பிள்ளை வீடு திரும்பி, உடை மாற்றி, உணவருந்திவிட்டு ஆசையோடு கூண்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும் நேரமும் உச்சி வெயில் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. பிள்ளையின் கால அட்டவணைப்படி வெயில் காட்டினால், மிகக் கொடிய வெயிலையே காட்டுவதாகிவிடும்.

கடிகாரத்தைவிட எளிய கருவி ஒன்று உண்டு. அது நம் நிழல். வெயிலில் நிமிர்ந்து நில்லுங்கள். தரையில் விழும் நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருந்தால் கதிர் மென்மையாக இருக்கிறது. பச்சோந்தியை வெளியே கொண்டுவரலாம். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாகிவிட்டால் கூண்டை உள்ளே கொண்டுபோகும் நேரம் வந்துவிட்டது. நம் நாட்டில் இது காலையில் பத்தேகால் மணியளவிலும் மாலையில் நாலேகால் மணியளவிலும் நிகழும். ஆகவே, விடுமுறை நாளில் காலை ஒன்பது மணியை ஒட்டியும், பள்ளி நாளில் மாலை நாலரை மணிக்குப் பிறகும் ஏற்ற நேரம். இரண்டாம் ஆண்டு மாணவனும் செய்து பார்க்கக்கூடிய அளவைப் பாடம் இது!

எப்படி வெளியே வைப்பது?

1. கண்ணாடிப் பெட்டியையும் நெகிழிப் பெட்டியையும் ஒருபோதும் வெயிலில் வைக்காதீர்கள். காற்றோட்டமின்றி உள்ளே வெப்பம் தேங்கி, சிறிது நேரத்தில் உயிரைப் பறித்துவிடும். நான்கு புறமும் காற்று புகும் வலைக் கூண்டே ஏற்றது.

2. கூண்டின் ஒரு பாதியாவது நிழலில் இருக்க வேண்டும். இலையடர்ந்த செம்பருத்திச் செடி ஒன்றைத் தொட்டியோடு கூண்டுக்குள் வைத்தால் நிழலும் கிடைக்கும், ஏறி அமரக் கிளையும் கிடைக்கும். செம்பருத்தி இலையையும் பூவையும் ஏமன் பச்சோந்தி கடித்துத் தின்னும், அதனால் தீங்கில்லை. கடையிலிருந்து வாங்கிய செடியாயின் பூச்சிமருந்து போகும்படி நன்கு கழுவி, சில வாரங்கள் வைத்திருந்த பின்னரே பயன்படுத்துங்கள்.

3. நிழல் நகரும் என்பதை மறவாதீர்கள். ஒன்பது மணிக்கு மதில் நிழலில் இருந்த மூலை, பத்து மணிக்கு வெயிலில் இருக்கும்.

4. வெளியே வைக்குமுன் இலைகளின்மேல் நீர் தெளியுங்கள். பச்சோந்தி பெரும்பாலும் கிண்ணத்து நீரைக் குடிக்காது. இலையில் தொங்கும் துளிகளையே நக்கிக் குடிக்கும்.

5. முதல் சில நாட்கள் பத்து நிமிடம் போதும். பழகிய பின் இருபது, முப்பது நிமிடமாகக் கூட்டலாம். வாரத்தில் மூன்று நான்கு நாள் கிடைத்தாலே நல்ல பயன். இளங்குட்டிகள் சிற்றுடல் கொண்டவை, விரைவில் சூடேறிவிடும். அவற்றுக்கு நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

6. கூண்டைத் தரையில் வைக்காமல் மேசைமீது வையுங்கள். சிமெண்டுத் தரையின் வெப்பம் கீழிருந்து தாக்கும். பூனை, காகம், முசுறு எறும்பு ஆகிய மூன்றும் நம் வீட்டு முற்றத்தில் எப்போதும் உள்ளவை.

7. டிங்கிக் கொசுவை ஒழிக்கப் புகையடிக்கும் நாளில் கூண்டை வெளியே கொண்டுவராதீர்கள். புகையடித்த இடத்தில் பிடித்த பூச்சியை இரையாகவும் கொடுக்காதீர்கள்.

8. பச்சோந்தியைத் தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கைகழுவுவது கட்டாயம். ஊர்வன பலவற்றின் உடலில் சால்மோனெல்லா நுண்ணுயிர் இருக்கும். சிறு பிள்ளைகளுக்கு அது கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

நிறத்தைப் படிக்கப் பழகுவோம்

இருக்கும் இடத்தின் நிறத்திற்கேற்பப் பச்சோந்தி தன் நிறத்தை மாற்றிக்கொள்ளும் என்று பலரும் நம்புகின்றனர். நிறமாற்றத்தின் முதன்மைக் காரணம் அதுவன்று. வெப்பநிலை, அச்சம், சினம், இணையை நாடல் ஆகியவையே அதன் நிறத்தை ஆள்கின்றன. சுவிட்சர்லாந்தின் செனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டில் இதன் நுட்பத்தை விளக்கினர். பேந்தர் பச்சோந்தியின் தோலணுக்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்கள் அடுக்கடுக்காக உள்ளன. அவற்றுக்கு இடைப்பட்ட தொலைவு கூடினாலோ குறைந்தாலோ நிறம் மாறுகிறது. அதற்கும் அடியிலுள்ள மற்றோர் அடுக்கு, வெப்பம் தரும் அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்புகிறது.

வெயிலில் வைத்திருக்கும்பொழுது இந்த நிறமே நமக்குக் கடிதம். கருமையாக இருந்தால் இன்னும் சூடு தேடுகிறது என்று கொள்ளலாம். அஞ்சினாலும் கருமையாகும் என்பதால் அதன் நடத்தையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளிறத் தொடங்கினால் போதுமான சூடு கிடைத்துவிட்டது. வாயைத் திறந்தபடி இருந்தால் உடல் தாங்கவில்லை என்று பொருள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய் நீர் தெளிக்க வேண்டும். பகலில் கண்ணை மூடிக்கொண்டே இருந்தால் அது உறக்கமன்று, நோயின் அடையாளம். ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரை நாட வேண்டும். அத்தகைய மருத்துவர் எல்லா ஊரிலும் இருப்பதில்லை. ஆகவே, உயிரை வாங்குமுன் மருத்துவரைத் தேடி வைத்துக்கொள்வது அறிவுடைமை.

திறந்தவெளியில் விட்டால் என்ன?

"கூண்டு எதற்கு? மெதுவாக நகரும் உயிர்தானே, செடியில் விட்டுப் பிடித்துக்கொள்ளலாம்" என்போரும் உளர். மெதுவாக நகரும் என்பது உண்மை. ஆனால் இலைகளுக்கிடையே அசையாமல் இருந்துவிட்டால் நம் கண்ணுக்கு அது அகப்படாது.

அவாயித் தீவுகளில் நடந்ததைப் பாருங்கள். 1972ஆம் ஆண்டு, வளர்ப்புயிர்க் கடைக்காரர் ஒருவர் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஜாக்சன் பச்சோந்திகளை வரவழைத்தார். பயணத்தில் அவை நீரின்றி மெலிந்திருந்தன. தேறட்டும் என்று வீட்டுத் தோட்டத்தில் விட்டார். பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். அவை பரவி, பல்கி, இன்று அத்தீவுகளின் சிறு பூச்சிகளையும் நத்தைகளையும் தின்னும் அயல் உயிராகிவிட்டன. வளர்ப்பிலிருந்து வெளியேறிய ஏமன் பச்சோந்திகளும் அவாயியிலும் புளோரிடாவிலும் நிலைபெற்றுவிட்டன. நம் மழைநாட்டிலும் அவ்வாறு நிகழாது என்று உறுதி கூற யாரால் இயலும்? நிகழ்ந்தால் முதலில் இடருக்குள்ளாவது வேலியோரத்து நம் பச்சை ஓணானாக இருக்கலாம்.

பொறுப்பு யாருக்கு?

வளர்ப்புயிர் பிள்ளைகளுக்குப் பொறுப்புணர்வைக் கற்பிக்கும் என்று பெற்றோர் கூறுவர். நானும் அதனை ஏற்கிறேன். ஆனால், பத்து வயதுப் பிள்ளையிடம் ஓர் உயிரை முழுமையாக ஒப்படைத்துவிட்டு, அது இறந்ததும் "நீ ஒழுங்காகப் பார்க்கவில்லை" என்று கடிந்துகொள்வதைப் பொறுப்புக் கல்வி என்று சொல்ல இயலாது. அங்கே பொறுப்பைக் கைவிட்டவர் பெரியவர். பழியைச் சுமப்பது பிள்ளை. நிழலை அளப்பது, நீர் தெளிப்பது, நிறத்தைக் குறிப்பேட்டில் எழுதுவது ஆகியவற்றைப் பிள்ளை செய்யட்டும். கூண்டருகே அந்த அரைமணி நேரமும் அமர்ந்திருக்க வேண்டியவர் தாயோ தந்தையோ தாத்தாவோ பாட்டியோதான். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பது அமர்ந்திருப்பதாகாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வகுப்பறையில் பச்சோந்தி வளர்ப்பதை நான் ஆதரிக்கவில்லை. முப்பது பிள்ளைகளின் இரைச்சலும் ஓயாத தொடுகையும் அதற்குத் துன்பம். பச்சோந்தி தனிமை விரும்பும் உயிர். தொட்டுக் கொஞ்சுவதை அது அன்பாகக் கொள்வதில்லை. பள்ளி விடுமுறை வந்தால் அதனை யார் பார்ப்பது என்ற வினாவும் எழும். அதற்குப் பதிலாக, பள்ளி வளாகத்து ஓணானைத் தொலைவிலிருந்து கவனிக்கச் சொல்லுங்கள். எந்நேரம் வெயிலுக்கு வருகிறது, எந்நேரம் நிழலுக்குப் போகிறது, அப்போது மாணவரின் நிழல் எவ்வளவு நீளம் என்று ஒரு வாரம் பதிவுசெய்யச் சொல்லுங்கள். ஒரு காசு செலவில்லாமல் அறிவியலும் கணிதமும் ஒருங்கே கைகூடும். கல்லெறியும் கையும் குறையும்.

கொள்கை மாறுவோரைப் பச்சோந்தி என்று இகழ்வது நம் பேச்சு வழக்கு. உண்மையில் அந்த உயிர் தன் நிலையை மறைக்கத் தெரியாதது. குளிர்ந்தால் கருக்கிறது, சூடேறினால் வெளிறுகிறது, அஞ்சினால் அதையும் மேனியிலேயே காட்டுகிறது. வாய்பேசாத அந்த உயிர் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வதைப் பார்க்க, நாளொன்றுக்கு அரைமணி நேரம் ஒதுக்க முடியுமா என்று பெற்றோர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். முடியும் என்றால், முறையான உரிமத்தோடு வாங்கி, வெயிலும் நிழலும் கொடுத்து வளருங்கள். முடியாது என்றால், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வேலியோரத்து ஓணானைக் காட்டுங்கள். அதுவும் நல்ல கல்வியே.

சிந்திப்போம், செயல்படுவோம்!